மதகுத் தூணில் விழுந்த நிழல்

கேளுங்கள். நிலாவுக்கு இன்னும் அவ்வளவு வயதாகாத காலத்தில், அல்லியூர் என்ற நாட்டை இளஞ்சேந்தன் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். நல்லவன். யார் நிலத்தையும் பறித்ததில்லை, யார் மீதும் காரணமில்லாமல் கோபப்பட்டதில்லை. அவனிடம் ஒரே ஒரு குறைதான். எந்நேரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முழுநிலா நாளில் மந்திரி ஏதாவது ஓலையோடு வந்தால், "நிலா இறங்கட்டும்" என்பான். மாலையில் வெள்ளி தெரியும் மாதங்களில், "வெள்ளி மறையட்டும்" என்பான். கிரகணம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "பாம்பு விடட்டும்" என்று சொல்லிவிட்டு மேல்மாடத்தில் பாயை விரித்துப் படுத்துவிடுவான். நிலாவும் வெள்ளியும் கிரகணமும் இல்லாத நாட்களில்தான் அந்த நாட்டில் வழக்குகள் தீர்ந்தன.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து வானம் அப்படி. விளக்குகள் குறைவு, புகை குறைவு. நிலா எழுந்தால் மரத்தடியில் உதிர்ந்த புளியம்பூவைக்கூடப் பொறுக்கலாம். நிலா இல்லாத இரவில் வானம் தலைக்கு மேலே இத்தனை அருகில் வந்து நிற்கும். பார்த்தவர்களுக்குப் பேச்சு குறைந்துவிடும்.

அரசனிடம் கண்ணந்தையார் என்று ஒரு கணியர் இருந்தார். இவர் அரசனுக்கு நேர் எதிர். வானத்தை அண்ணாந்து பார்க்கவே மாட்டார், ஓலைச்சுவடியைத்தான் பார்ப்பார். "வானத்தை மேகம் மறைக்கும், என் ஓலையை எது மறைக்கும்?" என்று பெருமையாகக் கேட்பார். கரையான் என்று ஒன்று இருப்பது அவர் நினைவுக்கு வரவில்லை போலும்.

இவர்கள் இருவரையும் அரண்மனையிலேயே விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு வாருங்கள். நம் கதை அங்கேதான் இருக்கிறது.

அல்லியூர் நாட்டில் ஒரு பெரிய ஏரி. அதற்கு ஒரே ஒரு மதகு. அந்த ஒரு மதகை நம்பி இரண்டு ஊர்கள், மேலக்குடியும் கீழக்குடியும். இரண்டு ஊரும் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று, அரசனின் பாட்டன் மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு முறையை வெட்டி வைத்திருந்தார்.

சூரியன் மறைந்ததிலிருந்து விடிவெள்ளி எழும் வரை தண்ணீர் மேலக்குடிக்கு. விடிவெள்ளி எழுந்ததிலிருந்து சூரியன் மறையும் வரை கீழக்குடிக்கு. வெள்ளி காலையில் வராத மாதங்களில் சேவல் கூவுவதுதான் கணக்கு. கீழக்குடி தூரத்தில் இருந்தது, தண்ணீர் நடந்து போய்ச் சேரவே பாதி நாள் ஆகும். அதனால் இந்த முறை சரிதான் என்று இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டிருந்தன.

கல்லின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. மதகுத் தண்ணீரைத் திருடிய ஆள் நாட்டை விட்டுப் போக வேண்டும். யாருக்காகத் திருடினாரோ அந்த ஊருக்கு அந்தப் போகம் முழுக்கத் தண்ணீர் கிடையாது.

மதகுச் சாவி சாத்தி என்ற பெண்ணிடம் இருந்தது. நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு அவன் பார்த்த வேலையை அவளே பார்த்தாள். எட்டு வருஷத்தில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. அவள் பிறந்த ஊர் கீழக்குடி. அவளுடைய அண்ணன் பூதன் அங்கேதான் இரண்டு வயல் வைத்துப் பிழைத்தான்.

ஏரிக்குக் கிழக்கே ஆனைக்கல் என்று ஒரு குன்று. அதற்கு இரண்டு முதுகு, நடுவே ஓர் இடுக்கு. விடிவெள்ளி அந்த இடுக்கில்தான் எழும். எழுந்ததும் சாத்தி மதகுக்குப் போய் மேலக்குடி வாயை அடைத்துக் கீழக்குடி வாயைத் திறப்பாள்.

ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. மதகுக்குச் சுண்ணாம்பு பூசிய ஒரு தூண் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, மதகைத் திருப்பும் கோலைப் பிடித்து நிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வானத்தில் எத்தனையோ மீன்கள் மினுக்கும். நிலாவை விட்டால் நிழல் போடும் அளவுக்கு ஒளி உள்ளது வெள்ளி ஒன்றுதான். நிழல் விழுந்தால் வெள்ளி, விழாவிட்டால் வேறு எதுவோ. மதகுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பார்த்து வந்தார்கள்.

அந்த வருஷம் தை மாதம். பயிர் பால் பிடிக்கிற பருவம். ஏரியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பல மாதங்களாக மாலையில் வந்துகொண்டிருந்த வெள்ளி, காலைப் பக்கம் திரும்பும் சமயம் அது. கிழக்கே தினமும் பனி மூடிக்கிடந்ததால், வெள்ளி வந்துவிட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

முழுநிலாவுக்கு ஐந்து நாள் முன்பு பனி விலகியது. ஆனைக்கல் இடுக்கில் ஒரு மீன் பளபளவென்று நின்றது. சாத்திக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வந்துவிட்டாயா என்று அதனிடமே கேட்டாள். தூணருகே போய்க் கோலைப் பிடித்தாள். ஆனால் மேற்கே நிலா இன்னும் இறங்கவில்லை, ஊரெல்லாம் பால் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எந்த மீனின் நிழல் தெரியும்?

இதுதான் வெள்ளி, வேறு எது இத்தனை பளபளக்கும் என்று எண்ணிக்கொண்டு மதகைத் திருப்பினாள். அப்புறம் வாய்க்காலோடு தோப்புக்குள் இறங்கி நடந்தாள். தோப்புக்குள் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. வெளியே வரும்போது விடிந்திருந்தது.

முதல் நாள் அப்படி. இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் மேலக்குடித் தலைவர் அந்துவன் மதகருகே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊரின் கடைசி வயல்களுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் எட்டவில்லை, மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. சாத்தி மதகைத் திருப்பியதும் அவளுடைய கையைப் பிடித்தார்.

மறுநாள் வழக்கு அரசனிடம் போனது.

"ராசா, கோழி கூவ இன்னும் ரெண்டு தூக்கம் இருந்துச்சு. அதுக்குள்ள தண்ணியத் திருப்பிட்டா. பொறந்த ஊருப் பாசம், வேற என்ன?" என்றார் அந்துவன்.

தான் வெள்ளியைப் பார்த்துத்தான் திருப்பியதாகச் சாத்தி சொன்னாள். அரசன் கணியரைப் பார்த்தான். கணியர் ஓலையைப் பார்த்தார். கரையான் தின்றது போக மிச்சமிருந்த எழுத்தைக் கூட்டி, அந்த நேரத்தில் அந்த இடத்தில் எழுவது வெள்ளியே என்று அடித்துச் சொன்னார். அந்துவன் விடவில்லை. ஓலைக்கு வயல் வெடித்தது தெரியுமா என்று கேட்டார்.

அப்போது சாத்தியே ஒரு வழி சொன்னாள். நாளைக்கு மறுநாள் முழுநிலா, அன்று கடைசி ஜாமத்தில் கிரகணம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். நிலா முழுக்க மறைந்ததும் தூணில் நிழல் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தன் மீன் வெள்ளிதான் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

அரசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிரகணமும் பார்க்கலாம், வழக்கும் தீரும். அதுவரை மதகுக்கு முத்திரை வைக்கச் சொன்னான். இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பால் பிடிக்கிற பயிர் என்னாகும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பாம்பு விடட்டும் என்றுதான் சொல்லியிருப்பான். சாத்தியை ஜன்னல் இல்லாத ஒரு தானிய அறையில் காவலில் வைத்தார்கள். இரண்டு நாளும் அவள் இருட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வெளியே கிழக்கை மறுபடி பனி மூடிக்கொண்டது, அந்த இரண்டு விடியலிலும் யாரும் எந்த மீனையும் பார்க்கவில்லை.

கிரகண இரவு வந்தது.

ஏரிக்கரை முழுவதும் சனம். யாரும் சாப்பிடவில்லை. வீட்டுப் பானைகளில் தர்ப்பையைப் போட்டு மூடிவிட்டு வந்திருந்தார்கள். கரைமேல் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும் என்பார்கள். அன்று நின்றதா என்று கேட்டால், நின்றது என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

முதலில் நிலாவின் ஓரத்தில் யாரோ கடித்தது போல ஒரு கறுப்பு. பிறகு பாதி. பிறகு முக்கால். பிறகு நிலா வேறு எதுவோ ஆகிவிட்டது. பழைய செம்புத் தவலை மாதிரி, கறுத்துச் சிவந்து, மேற்கு வானத்தில் தொங்கியது. ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரிலும் அதே சிவப்பு.

நிலா போனதும் மீன்கள் வந்தன. எங்கே இருந்தன இத்தனையும் என்று கேட்கும்படி வந்தன. பொரியை இறைத்தது போல வானம் நிறைந்துவிட்டது. கைக்குழந்தைகள்கூட அழாமல் அண்ணாந்து பார்த்தன. ஆனைக்கல் இடுக்குக்கு மேலே, சாத்தியின் மீன் தனியாகப் பளபளத்தது.

தீவட்டிகளைக் கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொன்னான் அரசன். சாத்தி கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் கணியர் வந்து தூணை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குள் இன்னும் தீவட்டியே எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஓலை சொல்லிவிட்டதே. நிழல் தெரிகிறது என்றார்.

இரண்டாவதாக அரசன் வந்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்க்கிறவன், கணியருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வான்? சிலந்தி நூல் போல மெல்லிசாகத் தெரிகிறது என்றான்.

மூன்றாவதாக அந்துவன் வந்தார். பாவம், அவருடைய ஊர்த் தண்ணீர் அது. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். வெறும் சுண்ணாம்பு. ஆனால் அரசன் கண்டதைத் தான் காணவில்லை என்று சொன்னால் தலை தப்புமா என்று பயம். ஏதோ கோடு மாதிரி இருக்கிறது என்று முனகிவிட்டு ஒதுங்கினார்.

அவ்வளவுதான், கீழக்குடி சனம் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டது. பூதன் ஓடிவந்து சாத்தியின் காதருகே சொன்னான்: "தப்பிச்சோம் தங்கச்சி. பயிரும் தப்பிச்சது."

இப்போது சாத்தி தூணைப் பார்த்தாள். அவளைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் இருட்டில் கிடந்த கண்கள் அவை. அந்தக் கரையில் எல்லாரையும்விட நன்றாகப் பார்க்கக்கூடிய கண்கள்.

கோலைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். நிழல் இல்லை. தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். நிழல் இல்லை. கையை விரித்துத் தூணுக்கு நேரே காட்டிப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

அப்படியானால் மூன்று நாளும் தான் திருப்பியது அடுத்தவர் தண்ணீர். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சாவி அவளுடையது, அண்ணன் வயல் பிழைக்கும், அரசனே சாட்சி. வாயைத் திறந்தால் நாடு கடத்துவார்கள், பிறந்த ஊர் ஒரு போகம் பட்டினி கிடக்கும், அண்ணன் பிள்ளைகள் தன் பெயரைச் சொல்லி அழும். எல்லாவற்றையும் நினைத்தாள். அந்துவன் தலையைக் குனிந்துகொண்டு கரையிலிருந்து இறங்கிப் போவதையும் பார்த்தாள்.

"ராசா, நிழல் விழலை" என்றாள்.

நான் பார்த்தேனே என்றான் அரசன்.

"நீங்க பாத்திருக்கலாம் ராசா. என் கண்ணுக்கு விழலை. நெலா வெளிச்சத்துல நெழல் பாக்க முடியாதுன்னு தெரிஞ்சும், பாத்த மாதிரி நெனச்சுக்கிட்டு மதகத் திருப்பினேன். அது மேலக்குடித் தண்ணி."

பூதன் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டம் சலசலத்தது. சில பேர் திருடி என்றார்கள். கணியருக்கு வந்ததே கோபம். தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள், கல்லில் உள்ள தண்டனையைக் கொடுங்கள், தீவட்டிகளைக் கொண்டுவாருங்கள் என்றார்.

சாத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். தண்டனை கொடுங்கள், ஆனால் தீவட்டிகளை மட்டும் அணைத்துவிடுங்கள் என்று கேட்டாள். "அது வெள்ளி இல்லேன்னா, வெள்ளி இனிமேத்தான் வரணும். அது வர்ற வரைக்கும் இருக்க விடுங்க."

அரசனுக்கு என்ன தோன்றியதோ, சரி என்றான். தீவட்டிகள் ஏரித் தண்ணீரில் அணைந்தன. எல்லாரும் இருட்டில் உட்கார்ந்தார்கள்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி அந்த ஊர்களில் வெகுகாலம் பேசினார்கள். தவளைகள் கொஞ்சம் கத்தின, பிறகு ஓய்ந்தன. தண்ணீர் கரையைத் தொட்டுத் தொட்டுப் போனது. செம்பு நிலா அசையாமல் நின்றது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மேலக்குடிக்காரர் யார், கீழக்குடிக்காரர் யார், அரசன் எவன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்கள் மட்டும் மெல்ல மெல்ல இருட்டுக்குப் பழகின.

மூன்று நாழிகை போயிருக்கும். ஆனைக்கல் இடுக்கு லேசாக வெளுத்தது. பிறகு வெள்ளி வந்தது.

அதைப் பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதலில் வந்த மீன் அதற்கு முன்னால் குத்துவிளக்கின் முன் அகல் போல ஆகிவிட்டது. ஏரியில் ஒரு வெள்ளிக் கோடு மதகு வரைக்கும் நீண்டது. வெள்ளி ஒரு பனை உயரம் ஏறியதும் சாத்தி கோலைப் பிடித்தாள்.

தூணில் நிழல் விழுந்தது. கோலின் நிழல் விழுந்தது. கோலைப் பிடித்த விரல்களின் நிழல் விழுந்தது. மணிக்கட்டில் கிடந்த ஒற்றை இரும்பு வளையத்தின் நிழலும் விழுந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது.

அரசன் எழுந்து வந்தான். தன் கையைத் தூணுக்கு முன்னால் நீட்டினான். சுண்ணாம்பின் மேல் அவனுடைய ஐந்து விரலும் மெல்லிசாக அசைந்தன. அவனுக்கு மாலை வெள்ளி நன்றாகத் தெரியும். விடிவெள்ளியை அன்றுதான் முதல்முறை பார்த்தான், அந்நேரத்துக்கு அவன் எப்போதும் தூங்கிவிடுவான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நான் முதலில் நிழலைப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது பொய்" என்றான்.

நானும் பார்க்கவில்லை, பயந்துபோய்ச் சொன்னேன் என்றார் அந்துவன். கடைசியில் கணியரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் வந்தது வியாழனாக இருக்க வேண்டும், ஓலையில் அந்த இடத்தில் ஓட்டை என்றார்.

அரசன் தீர்ப்புச் சொன்னான். இவள் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த நிழலுக்காக நாம் யாரும் காத்திருந்திருக்க மாட்டோம். திருடுகிறவள் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மாட்டாள். ஆகவே நடந்தது திருட்டு அல்ல, தவறு. தவறுக்குத் தண்டனை இல்லை, ஈடுதான் உண்டு. நாளொன்றுக்கு மூன்று நாழிகை வீதம், மூன்று நாளுக்குக் கீழக்குடி மேலக்குடிக்குத் தண்ணீர் விட வேண்டும். மதகுச் சாவி யாரிடம் இருப்பது என்று இரண்டு ஊரும் பேசி முடிவு செய்யட்டும் என்றான்.

கீழக்குடிக்காரர்கள் வாய் திறக்கும் முன் அந்துவன் பேசினார்.

"சாவி அவகிட்டயே இருக்கட்டும் ராசா. தனக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவ, எங்களுக்கு எப்படிச் சொல்லுவா?"

அரசன் முத்திரையை உடைத்து மதகைத் திறக்கச் சொன்னான். மந்திரி தயங்கினார். நிலா இன்னும் சிவப்பாகவே இருந்தது. பாம்பு விடட்டும், எல்லாரும் தலை முழுகட்டும், பிறகு திறக்கலாமே என்று அரசனுடைய வழக்கமான பேச்சையே அவனிடம் எடுத்துச் சொன்னார்.

"பயிர் காத்திருக்காது" என்றான் இளஞ்சேந்தன்.

சாத்தி கோலைப் போட்டு இழுத்தாள். இரண்டு நாளாக அடைபட்டிருந்த தண்ணீர், செம்பு நிலாவையும் வெள்ளியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இருட்டில் வயலைப் பார்த்து ஓடியது. அதற்குப் பிறகுதான் நிலாவின் ஓரத்தில் முதல் வெளிச்சம் வந்தது.

அன்றிலிருந்து அந்த அரசன் வானத்தைப் பார்ப்பதை விடவில்லை, வழக்குகளைத் தள்ளிப்போடுவதை மட்டும் விட்டுவிட்டான். நிலா காயும் இரவுகளில் சாத்தி மீனைப் பார்த்து மதகைத் திருப்பவே இல்லை, சேவல் கூவும்வரை காத்திருந்தாள். இரண்டு ஊரும் அந்த வருஷம் அறுத்தன, கொஞ்சம் குறைவாகத்தான், ஆனால் அறுத்தன.

ஆகவே கேட்டவர்களே, நெஞ்சில் வையுங்கள்: காணாததைக் கண்டேன் என்று சொல்லித் தப்பிப்பதைவிட, தனக்கே கேடானாலும் கண்டதைக் கண்டபடி சொல்வதே நல்லது.